பதினேழாவது டேக்

"அந்தக் கடைசி வரி, இன்னொரு தடவை," என்றார் இசையமைப்பாளர். காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் நின்றுகொண்டேதான் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாடகிக்குக் கேட்க, பொத்தானை அழுத்தியிருந்தார்.

"இதோட பதினேழு டேக் ஆச்சு, சார்," என்றாள் அவள், முகம் கொடுக்காமல்.

ஒலிப்பதிவாளருக்குப் பொறுக்கவில்லை. "முதல் டேக்கே முத்து மாதிரி இருந்துச்சு. இருபது வருஷமா ஹிட்டா போடுறீங்க, உங்களுக்குத் தெரியாததா? எதுக்கு சார் அந்தப் பொண்ணை வறுத்தெடுக்குறீங்க?"

"அவ என் பொண்ணுய்யா. ஆறு வருஷமா பேச்சில்லை. கம்பெனி அனுப்புனதால வந்திருக்கா. அந்த வரியிலதான் 'அப்பா'ன்னு வருது. அதுக்குன்னே எழுதினேன்."

பொத்தானிலிருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பிறகு ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "இன்னொரு தடவை பாடட்டுமா, அப்பா?"