நாலரை அடிச் சட்டை

ஜப்பானின் கனசாவா நகரில் மிசாவோ வளர்த்த அசுகி, ஒன்றேகால் அடிக் குட்டிப் பாம்பு. அதன் வால் நுனி பிறவியிலேயே இரண்டாகப் பிளந்திருந்தது. ஹீட்டர் சூட்டில் காற்று உலர்ந்து, அது உரித்த முதல் இரண்டு சட்டைகளும் துண்டு துண்டாகத்தான் வந்தன.

“இந்தத் தடவையும் கிழிஞ்சா கடையில திருப்பிக் குடுத்துரு. உன் கையில கள்ளிச்செடியே பொழைக்கல,” என்றார் கணவர் தெய்ஜி.

சட்டை உரிக்கப் போவதன் அறிகுறியாக அசுகியின் கண்களில் பால் படர்ந்ததும் மிசாவோ பெட்டிக்குள் ஈரப்பாசி வைத்தாள். இரை போடவில்லை, தொடவில்லை. ஐந்தாம் நாள் காலை, பூட்டிய பெட்டிக்குள் மூக்கு முதல் வால் வரை கிழியாத சட்டை ஒன்று கிடந்தது. சட்டை உடலைவிடச் சற்று நீளமாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இது நாலரை அடி. வால் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது. பக்கத்திலேயே அசுகி, கண்ணில் பால் மாறாமல், இன்னும் சட்டை உரிக்காமல் சுருண்டிருந்தது.

“இது யாரோடதுடீ?” என்றார் தெய்ஜி.

“நம்ம அசுகியோடதுதாங்க. எப்படி வளத்திருக்கேன் பாருங்க!”

மறுநாள் அசுகி தன் சின்னச் சட்டையை முழுசாக உரித்தது. மிசாவோ அதைத் தேதி எழுதிச் சுவரின் இடது ஓரத்தில் மாட்டினாள். நீளமானதை, தேதிக்கு இடம் விட்டு, வலது ஓரத்தில் மாட்டினாள். நடுவில் வரிசையாக ஆணிகள் அடித்து வைத்தாள்.