பட்டியலில் இல்லாதது

“ஏத்தா, சாக்க எறக்கு.”

மேகமலையில், ஒரு பெரிய மரத்தடியில் வைத்தே மதலேனாளைப் பிடித்துவிட்டாள் வனக்காவலர் சுபாஸ்ரீ. சாக்கு நிறையக் காய்ந்த பாசி.

“அம்மா, நான் இத...”

“பேசாத. கிறிஸ்துமஸ் முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு. இன்னுமா குடிலுக்குப் பாசி சொரண்டுற? எஸ்டேட்டுக்கு எழுதிப் போட்டா வேலையும் போகும், லயன் வீடும் போகும்.”

அந்த மரத்தை அளந்துகொண்டிருந்த ஜெசி நாடாவை விட்டுவிட்டு வந்தாள். சின்னமனூர்க்காரி, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. அவளைக் கண்டதும் மதலேனாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இந்த மரம் பைன் மரத்துக்கு ஒறவு, சுபா. பூக்காமலே விதை விடும். அழியிற உயிர்களோட உலகப் பட்டியல்ல இதுக்குப் பயமில்ல, நம்ம மலையிலதான் அபூர்வம்.”

“அப்ப பாசி, மேடம்?”

“பூவும் இல்ல, விதையும் இல்ல, வேரும் இல்ல. மரங்களுக்கெல்லாம் முந்தின வம்சம். ஆனா இந்த மாதிரிப் பாசியில பாதிக்கு மேல அந்தப் பட்டியல்ல ‘மதிப்பிடப்படவில்லை’. யாரும் எண்ணிக்கூடப் பாக்கல.”

ஜெசி ஒரு பிடி பாசியை எடுத்து, பாட்டில் தண்ணீரைச் சொட்டவிட்டாள்.

பழுப்பு நெகிழ்ந்தது. சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. கண்ணெதிரே உள்ளங்கை பச்சையானது.

மேலே மரம் பனியைச் சொட்டிக்கொண்டிருந்தது.

“செத்தது மாதிரில கெடந்துச்சு!” சுபாஸ்ரீயின் குரல் இறங்கிவிட்டது.

“அங்கன பாரு, வேரோரம். பாசி ஈரத்துலதான் மரத்தோட கன்னு மொளச்சிருக்கு.” ஜெசி திரும்பினாள். “இதப் போய்ச் சொரண்ட எப்படிம்மா மனசு வருது?”

மதலேனாள் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“எங்கன இருந்து எடுத்த? எடத்தச் சொல்லு, விட்டுர்றேன்” என்றாள் சுபாஸ்ரீ.

மதலேனாள் ஜெசியை ஒருமுறை பார்த்தாள்.

“எஸ்டேட்டுக்கே எழுதிக்கிருங்கம்மா.”

“என்னா கொழுப்பு!” சுபாஸ்ரீ சாக்கைக் கவிழ்த்தாள்.

பாசியோடு ஜரிகைத் துண்டு விழுந்தது. பஞ்சு விழுந்தது. ஒரு மண் ஆட்டுக்குட்டி உருண்டு வந்து ஜெசியின் காலடியில் நின்றது.

“இது... குடில்ல வச்ச பாசியா? திரும்ப இங்கனயா கொண்டாந்த?” என்றாள் சுபாஸ்ரீ.

“கீழ சின்னமனூர்ல குடிலப் பிரிச்சதும் குப்பையில போட்டுர்றாகம்மா. அதப் பொறுக்கியாந்தேன். தண்ணி பட்டாப் பொழச்சுக்கிரும்ல.”

“யாரு போட்டாக? சொல்லுங்க மேடம், இவுகளையெல்லாம் என்ன செய்யலாம்?”

ஜெசி குனிந்து ஆட்டுக்குட்டியை எடுத்தாள். தன் வீட்டுக் குடிலில் வைப்பதற்காக அவளே தடவிய பசை, ஆட்டுக்குட்டியின் ஒடிந்த காதில் இன்னும் பளபளத்தது.