பிந்தித் தாவும் பொம்மை

பக்கவாதம் வந்து விழுந்த அன்று குணசீலன் டிவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் விழுந்தான். இப்போது விரல்கள் பழகுவதற்கு அவனுடைய பழைய கேம் பெட்டியிலேயே விளையாடட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். டிவிக்குப் பதிலாகத் தன் ஆபீஸ் லேப்டாப்பைக் கட்டிலருகே வைத்து, ஒயரைச் செருகிப் பார்த்தாள் அவன் மனைவி வேணி. படம் வரவில்லை.

"லேப்டாப்புல அந்த ஓட்டை படத்தை வெளிய அனுப்பும், உள்ள வாங்காதும்மா. நடுவுல ஒரு டப்பா மாட்டணும்" என்றார் அவள் போனில் விசாரித்த கடைக்காரர்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து டப்பாவோடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நான் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?"

அவன் அவளையே பார்த்தான். பதில் வரவில்லை. எழுந்துபோய் டப்பாவை மாட்டினாள்.

படம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. பட்டனை அழுத்தி ஒரு மூச்சு கழித்துத்தான் திரையில் பொம்மை தாவியது. வேணி விளையாடிப் பார்த்தாள். பள்ளத்தின் விளிம்பில் அவள் அழுத்த அழுத்த, பொம்மை நடந்துபோய் உள்ளே விழுந்தது.

"எழவு, இதுவும் இப்படித்தானா?" என்று கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டுவிட்டு, லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்து ஒயரை ஆட்டினாள்.

குணசீலன் பள்ளம் வருவதற்கு முன்பே அழுத்திவிட்டு, அவசரமில்லாமல் காத்திருந்தான். பொம்மை தாவி அந்தப் பக்கம் போய் நின்றது.

"படுத்துக்கோ" என்றான்.