வீட்டுக்கு இன்னொரு குடம்

"டேய் குழாய், இன்னொரு குடம் எங்கடா?" என்று பிளாஸ்டிக் குடம் தெருக்குழாயின் மூக்கிலேயே இடித்தது.

மலைமேல் இருக்கும் பெரிய தொட்டி காலையில்தான் மைக்கில் அறிவித்திருந்தது, இனி வீட்டுக்கு இன்னொரு குடம் தண்ணீர் இலவசம் என்று. அறிவிக்க என்ன, வாய்தானே.

குழாய் தெருமுனைத் தொட்டியிடம் கெஞ்சியது. "அண்ணே, தண்ணி விடுங்க. அடிக்கிறாங்க."

"பாதி மலைமேல இருக்கிறவர் தருவாராம். பாதி நாம போடணுமாம்."

"நம்ம கிணத்தையே அவர்தானே உறிஞ்சிட்டுப் போனாரு?"

"ஆமா. என் வயித்துல அவர் படம் வரைஞ்சாத்தான் அந்தப் பாதியும் வருமாம். வரைஞ்சாச்சு, கிரீடத்தோட."

"தொட்டிக்கு ஏதுண்ணே கிரீடம்?"

"கேட்காதே. சுண்ணாம்பு கரைச்சதுலயே இருந்த தண்ணி தீந்துபோச்சு."

"இப்ப நான் என்ன சொல்ல?"

"தண்ணி நிறைய வந்துச்சு, நான்தான் சிந்திட்டேன்னு சொல்லிடு. மேலிடத்து உத்தரவு."

குழாய் வாயைத் திறந்தது. புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. பிறகு மூக்கை மலைப்பக்கம் திருப்பிக் காட்டியது. குடங்கள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டே மலையேறக் கிளம்பின.

தான் சிந்திவிட்டதாக மட்டும் குழாய் சொல்லவே இல்லை.