பினாங்குக்குப் போகும் கேசட்

கல் உடைத்த வலி தோளில் இருக்க, கருத்தையா புல்லாங்குழலின் துளைகள்மேல் விரல்களை வைக்கிறார். நாளை இந்தக் கேசட்டோடு பினாங்குக்குக் கப்பலேறும் ஊர்க்காரர் ஞானசேகரிடம் இரவல் வாங்கிய டேப்ரெக்கார்டர் தகரப்பெட்டிமேல் ஓடுகிறது. அங்கே இருக்கும் மகள் செல்லாயிக்காக ஊதுகிறார். ஓட்டு இடுக்கில் விழும் மாலை வெயிலில் தூசி மிதக்கிறது. வெளியே ஆடு கத்துவதும் சேர்ந்தே பதிவாகிறது. "கோவிச்சுக்கிட்டு மக கல்யாணத்துக்குப் போகாம இருந்தீகளே, அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க," என்கிறாள் மனைவி பொன்னுத்தாயி. அவர் குழலை எடுத்துவிட்டு, "ஊதுறதும் வாயாலதானடி," என்கிறார். "அவ கேக்குறது குழலையா?" என்கிறாள் அவள். கேசட்டில் விரல்கனம் நாடாதான் மிச்சமிருக்கிறது. அவர் உதடு பிரிகிறது. பிறகு குழலுக்கே திரும்பிவிடுகிறது. நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று எழும்புகிறது. மகளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.