அரை அங்குல வீடு

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடுதான்: ஓர் அறை, ஒரு விறாந்தை, சமைக்க ஒரு குசினி. 1953இல் தனக்குக் கிடைத்த வீட்டை, ஓரடிக்கு அரை அங்குலமாக, தீக்குச்சிகளால் சின்ன மாதிரி வீடாக வீரகத்தி கட்டத் தொடங்கியிருந்தான். அந்த வருஷம்தான் புருஷனை இழந்த அக்கா நீலத் தகரப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"ஒரு அறைதானே அக்கா, எங்கை படுப்பியள்?" என்றான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அடுத்த மாரியில் செத்துப்போனாள். அக்கா வந்த அன்று வயலிலிருந்த மனைவி விமலேஸ்வரிக்கு, அவள் வந்ததையே அவன் சொல்லவில்லை. பிறகு தீக்குச்சியைத் தொடவே கை கூசியது; பாதி கட்டிய வீட்டை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டான்.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், அந்தத் தீக்குச்சி வீட்டை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினான். பின்பக்கத்தில் அவன் கட்டாத இன்னோர் அறை இருந்தது. அளந்து பார்த்தான். ஐந்து அங்குலத்துக்கு நாலு அங்குலம்; பத்தடிக்கு எட்டடி, கணக்குப் பிசகவில்லை. பசை காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"அறை கூட்டிக் கட்டியிருக்கிறியள், சொல்லவேயில்லை!" விமலேஸ்வரி சிரித்தாள். "உண்மையிலை இருந்திருந்தால் மச்சாளை எங்களோடை வைச்சிருக்கலாம். பாவம், ஒருக்கால்கூட இஞ்சை வராமலே கண்ணை மூடிட்டா."

வெட்கத்தில் அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் குனிந்து சின்ன யன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "நீலப் பெட்டியும் வைச்சிருக்கிறியள். கொடியிலை வெள்ளைச் சீலை வேறை."

விரலை உள்ளே விட்டுத் தொட்டாள்.

"இஞ்சாருங்கோ, சீலை இன்னும் ஈரம்."