உடம்பின் வயது

எழுபத்தேழு வயதான கண்டக்டர் சுகந்தி, ஓய்வு கேட்டு நான்காவது முறையாகப் பணிமனை அலுவலகத்துக்கு வந்திருந்தாள். அவள் கையைப் பரிசோதனைக் கருவியிலிருந்து எடுத்ததும் அதிகாரி சிரித்தார்.

"உங்க உடம்புக்கு ஐம்பத்தி மூணு வயசுதான் ஆகுது. அறுபது ஆனாத்தான் ஓய்வு. சந்தோஷப்படுங்கம்மா."

"தினம் குடிச்ச தனசேகருக்கு நாப்பத்தெட்டுலயே ஓய்வு குடுத்தீங்க. விடியக்காலைல எழுந்து நான் நடந்தது குத்தமா?"

"சட்டம் அப்படிம்மா."

"ஐம்பத்தஞ்சு வருஷமா ஓடுற பஸ்ல நின்னிருக்கேன்யா! அதை இந்த மெஷின் எண்ணிச்சா?"

அவர் அன்றைய பணிச்சீட்டை நீட்டினார். சுகந்தி அதை வாங்கி நாலாகக் கிழித்தாள். விடுவிடுவென்று வெளியே போய், புறப்படத் தயாராக நின்ற பேருந்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

ஓட்டுநருக்கு எண்பது வயது. ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.